ஜன்னலில் அண்ணனின் தலை

எங்கள் வீட்டில் புத்தியைத் தலையின் சுற்றளவை வைத்துத்தான் அளந்தார்கள். அந்தக் கணக்கில் என் அண்ணன் மேதை, நான் மண்டு.

அண்ணன் பிறந்த முதல் வருடத்தில் அவன் தலை மட்டும் தனியாக வளர்ந்ததாம். உடம்பு பின்னால் மெல்ல வந்து சேர்ந்ததாம். கழுத்து நிற்கவே நெடுநாளாயிற்று. சட்டை மாட்டினால் தலை நுழையாது என்று அம்மா சட்டையின் கழுத்தைக் கத்தரித்துவிட்டுத்தான் மாட்டுவாள். இந்தக் காலமாக இருந்தால் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடியிருப்பார்கள். அம்மா தெருவெல்லாம் பெருமை பேசினாள். "அத்தனையும் மூளை" என்பாள். பார்க்க வந்தவர்கள், காக்கைக்கும் தன் குஞ்சு பொன் குஞ்சு என்று மனதுக்குள் நினைத்திருக்கலாம். வாயால் "ஆமா, ஜட்ஜ் தலைதான்" என்று சொல்லிவிட்டுப் போனார்கள்.

அடுத்துப் பிறந்த எனக்குத் தலை சிறியது. அப்பா என்னை எலுமிச்சம்பழம் என்று கூப்பிடுவார். இரண்டு பேரில் ஒருவரைத்தான் படிக்க வைக்க முடியும் என்று ஆனபோது, யாரை நிறுத்துவது என்று வீட்டில் யாரும் மண்டையை உடைத்துக்கொள்ளவில்லை. தலைகளைப் பார்த்தார்கள், முடிந்தது. கணக்குப் பாடத்தில் நான் அவனைவிட அதிக மதிப்பெண் வாங்குவேன். அதை எடுத்துச் சொன்னதற்கு அம்மா, "அவன் மூளை பெரிசுடி, சூடேற நேரமாகும்" என்றாள். அது எப்போது சூடேறும் என்று கேட்டதற்கு ஒரு அறை விழுந்தது.

நான் துணி தைக்கும் கம்பெனிக்கு, தைத்த சட்டைகளில் நீட்டிக்கொண்டிருக்கும் நூல் பிசிறு வெட்டப் போனேன். சில வருடங்கள் கழித்து அப்பா போய்ச் சேர்ந்தார். அண்ணனின் படிப்பும் அத்தோடு நின்றது. அவனும் அதே கம்பெனிக்கு வந்தான். முதலாளி அவனை மேலும் கீழும் பார்த்துவிட்டு, அதாவது மேலே மட்டும் பார்த்துவிட்டு, "இந்தத் தலைக்குப் பிசிறு வெட்டுற வேலை வேணாம், கட்டிங்குக்குப் போ" என்றார். அங்கேயும் தலைதான் சிபாரிசு செய்தது. வந்த நாளிலேயே எனக்கு மேலே போய்விட்டான். கம்பெனியில் அவனுக்குப் 'பெரிய தலை' என்று பெயர் விழுந்தது.

எனக்கு வயிறு எரிந்தது, மறைப்பானேன். ஆனால் ஒன்று சொல்ல வேண்டும். தன் தலைக்குள் ஊரில் யாருக்கும் இல்லாத அளவு மூளை இருக்கிறது என்று அவன் நம்பினான். நம்பியதால் எதையும் முடியாது என்று விடமாட்டான். வீட்டுக்கு வந்தும் பழைய செய்தித்தாளைத் தரையில் விரித்து, சட்டையின் ஒவ்வொரு துண்டுக்கும் வெட்டி வைத்த அளவு அட்டைகளைத் திருப்பித் திருப்பி வைத்துப் பார்த்துக்கொண்டிருப்பான். கை அட்டையின் இந்தப் பக்கத்து வளைவுக்குள் கழுத்துப் பட்டையைச் செருகலாமா, முதுகுத் துண்டைக் கொஞ்சம் தள்ளினால் ஒரு பாக்கெட் மிஞ்சுமா என்று பார்ப்பான். வராவிட்டால், "எனக்கு வராம யாருக்கு வரும்" என்று மறுபடி உட்காருவான். அப்படி உட்கார்ந்து உட்கார்ந்தே அது அவனுக்குக் கைவந்தது.

பிறகு நானும் கட்டிங் பகுதிக்கு மாறினேன். துணி விரிக்கிற வேலை. நீளமான மேஜையின் அந்தப் பக்கம் அவன், இந்தப் பக்கம் நான். சுருளிலிருந்து துணியை இழுத்து, அடுக்கின்மேல் அடுக்காக, ஓரத்தோடு ஓரம் சேர்த்து விரிப்போம். மேலே அட்டைகளை வைத்து அவன் சாக்பீஸால் கோடு போடுவான். இரும்புக் கையுறையை மாட்டிக்கொண்டு கத்தி மெஷினைத் தள்ளுவான். கத்தி இறங்கினால் அத்தனை அடுக்கும் ஒரே நேரத்தில் வெட்டுப்படும். ஒரு கோடு தப்பினால் ஒரு சட்டை அல்ல, ஒரு குவியலே போய்விடும். அவன் கோடு போட்டு நான் பார்த்த வருடங்களில் அப்படி ஒரு குவியலும் போனதில்லை. தையல் பகுதிப் பெண்கள் தங்கள் வீட்டு விவகாரங்களைக்கூட அவனிடம் கொண்டுவருவார்கள். அவனும் நீதிபதி மாதிரி கேட்டுக்கொண்டு எதையாவது சொல்வான். பெரும்பாலும் சுமாரான யோசனைதான். ஆனால் அந்தத் தலையிலிருந்து வந்ததால் அவர்களுக்கு அது பலித்தது.

போன வருடத்துக்கு முந்தின வருடம் அவனுக்கு இடது கால் மரத்துப்போக ஆரம்பித்தது. நடக்கும்போது லேசாக இழுத்தான். அண்ணி பயந்து ஆஸ்பத்திரிக்கு அனுப்பினாள். துணைக்கு நான் போனேன். அங்கே டாக்டரம்மா, "எதுக்கும் தலையை ஒரு தடவை படம் எடுத்துப் பார்த்துடலாம்" என்றாள். காலுக்குக் காரணம் கடைசியில் இடுப்பில்தான் இருந்தது. வருடக்கணக்கில் மேஜைமேல் குனிந்து நின்றதில் ஒரு நரம்பு நசுங்கியிருந்தது. மாத்திரையும் பயிற்சியும் கொடுத்ததில் சரியாயிற்று. அந்தத் தலைப் படத்தை எடுக்காமலே இருந்திருக்கலாம். இதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு இன்றும் பற்றிக்கொண்டு வருகிறது.

படத்தை விளக்குப் பலகையில் மாட்டிவிட்டு டாக்டரம்மா அதன் ஓரங்களை விரலால் தொடர்ந்து பார்த்தாள். பிறகு என்னைத் தனியாகக் கேட்பதுபோல், "உங்க அண்ணன் என்ன வேலை பார்க்கிறார்?" என்றாள்.

"கட்டிங் மாஸ்டர்ங்க."

"அவரேதான் வெட்டுறாரா?"

"அவர்தான் அளவு போட்டு, அவர்தான் வெட்டுறார். ஏன் டாக்டர்?"

அவள் படத்தைக் காட்டினாள். மண்டை ஓடு வெள்ளையாக, வட்டமாகத் தெரிந்தது. உள்ளே நடுவில் பெரிய கறுப்பு. மண்டை ஓட்டின் ஓரமாக மட்டும் சாம்பல் நிறத்தில் ஒரு பட்டை ஓடியது, சட்டைக் கழுத்துக்கு வைக்கிற பட்டை அகலம்கூட இருக்காது.

"கறுப்பா இருக்கிறது பூரா தண்ணி. ஓரத்துல இருக்கே, அதுதான் மூளை" என்றாள்.

எனக்குச் சிரிப்பு முட்டிக்கொண்டு வந்தது. இந்தத் தலைக்காகத்தானா என் பள்ளிக்கூடம் போயிற்று என்று தோன்றியது. அம்மா உயிரோடு இல்லாமல் போனாளே என்றும் தோன்றியது. அண்ணன் முகத்தைப் பார்த்ததும் சிரிப்பு அடங்கிவிட்டது.

டாக்டரம்மா நல்லவள். உட்கார வைத்துப் பொறுமையாகச் சொன்னாள். "எல்லார் தலைக்குள்ளயும் கொஞ்சம் தண்ணி இருக்கும்மா. அதுக்குன்னே சின்னச் சின்ன அறைங்க இருக்கு. இவருக்குக் கைக்குழந்தையில அது சரியா வடியாம தேங்கி, அறை பெருத்து, மூளையை ஓரத்துக்குத் தள்ளிடுச்சு. நல்லகாலம், அதுவா ஒரு கட்டத்துல நின்னுடுச்சு. மெதுவாத் தள்ளினதால மூளையும் கிடைச்ச இடத்துல குடித்தனம் பண்ணப் பழகிக்கிச்சு."

"அப்ப எனக்கு மூளை கம்மியா டாக்டர்?" என்று அண்ணன் கேட்டான்.

"இடம் கம்மி. அளவை வெச்சு ஒருத்தரோட புத்தியைச் சொல்ல முடியாதுங்க. பெரிய மூளைக்கும் புத்திக்கும் ஏதோ கொஞ்சூண்டு சம்பந்தம் உண்டு, அவ்வளவுதான். உள்ள எப்படிப் பின்னியிருக்குங்கிறதுதான் முக்கியம். அதுவும் எங்களுக்கே இன்னும் முழுசாப் புரியல. படத்தை மட்டும் என்கிட்ட காட்டியிருந்தா, இந்த ஆள் எழுந்து நடக்கவே கஷ்டப்படுவார்னு சொல்லியிருப்பேன். நீங்க என் முன்னால உட்கார்ந்து கேள்வி கேட்கிறீங்க."

இன்னொரு நாள் வரச்சொல்லி அவனுக்குப் பரீட்சை வைத்தார்கள். எண்களைச் சொல்லி, பின்னாலிருந்து திருப்பிச் சொல்லச் சொன்னார்கள். கட்டைகளைக் கொடுத்துப் படத்தில் இருக்கிறபடி அடுக்கச் சொன்னார்கள். கட்டை அடுக்குவதில் அவன் மின்னலாகச் செய்தான். எண்களில் தடுமாறினான். எல்லாம் கூட்டிக் கழித்துவிட்டு டாக்டரம்மா முகமெல்லாம் மலர்ச்சியாக வந்து சொன்னாள்: "சராசரி."

அவளுக்கு அது அதிசயம். அவன் காதில் அது வேறாக விழுந்தது. வெளியே வந்து படி இறங்கும்போது, "சராசரின்னா, எல்லாரையும் போலத்தானா?" என்று என்னிடம் கேட்டான். ஐம்பத்தாறு வயதில் அவன் அதை முதல்முறையாகக் கேள்விப்படுகிறான்.

"எல்லாரையும் போல இருக்கிறதுல என்ன கேடு? நான் இல்லையா?" என்றேன்.

அவன் தெருமுனை வரும்வரை படம் இருந்த பெரிய உறையை நெஞ்சோடு அணைத்தபடி நடந்தான். முனை திரும்பியதும் அவனுக்கு ஏதோ தெளிந்துவிட்டது. பழைய குரல் வந்தது. "இத்தனூண்டை வெச்சே இவ்வளவு பண்ணியிருக்கேன். முழுசா இருந்திருந்தா என்ன ஆகியிருப்பேன், யோசிச்சுப் பாரு" என்றான். எனக்கு அப்பாடா என்று இருந்தது. ஆள் மாறவில்லை என்று நினைத்துக்கொண்டேன்.

நுணலும் தன் வாயால் கெடும் என்பார்கள். மறுநாள் காலை அவன் அந்தப் படத்தைக் கம்பெனிக்குக் கொண்டுவந்து, கட்டிங் மேஜைக்குப் பக்கத்து ஜன்னல் கண்ணாடியில் நாலு மூலையிலும் டேப் போட்டு ஒட்டினான். வழக்கமாக அங்கேதான் அளவு அட்டைகளை மாட்டிவைப்போம். வெளிச்சம் பின்னாலிருந்து வந்ததால் படம் பளிச்சென்று தெரிந்தது. தையல் பகுதியே எழுந்து வந்தது. அவன் சாக்பீஸால் தொட்டுத் தொட்டு விளக்கினான்: இது தண்ணி, இது மூளை, இதை வெச்சுக்கிட்டுத்தான் இத்தனை வருஷமா உங்களுக்கெல்லாம் வெட்டிக் குடுத்திருக்கேன். கைதட்டுவார்கள் என்று எதிர்பார்த்தானோ என்னவோ.

"வேணாம் அண்ணா, கழட்டு" என்றேன்.

"உனக்குப் பொறாமை" என்றான். சிரித்துக்கொண்டுதான் சொன்னான்.

முதலில் கேலிதான் வந்தது. பட்டன் வைக்கிறவள், "நிறைகுடம் தளும்பாதுன்னு சொல்வாங்க, மாஸ்டருக்கு நெசமாவே நிறைஞ்சிருக்கு" என்றாள். அவனும் சேர்ந்து சிரித்தான். முதலாளி சிரிக்கவில்லை. மூக்குக்கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு ஜன்னல் முன்னால் நின்று பார்த்தார். பிறகு தன் அறைக்குப் போனார். அடுத்த வாரம் கோடு போட்ட பிறகு கத்தி இறங்குவதற்குமுன், சூப்பர்வைசர் வந்து ஒருமுறை அளந்து பார்க்க வேண்டும் என்று புது வழக்கம் வந்தது.

இன்னொன்றும் நடந்தது. எங்கள் கம்பெனியில் நாளுக்கு நாற்பது தடவை ஒலிக்கிற வசவு ஒன்று உண்டு: "மூளை இருக்கா உனக்கு?" முதலாளி எங்களைக் கேட்பார், சூப்பர்வைசர் கேட்பான், நாங்கள் ஒருத்தியை ஒருத்தி கேட்டுக்கொள்வோம். படம் ஒட்டிய பிறகு கட்டிங் பகுதியில் அந்த வசவு நின்றுபோயிற்று. முதலாளி அண்ணனிடம் எரிச்சலோடு வாயைத் திறப்பார், "மூ" என்று வந்ததும் மூடிக்கொள்வார். திட்டியிருந்தால்கூட அவன் துடைத்துப் போட்டிருப்பான். அந்த மரியாதைதான் அவனை அரித்தது.

அந்தப் பனியன் துணி வந்தது இதற்குப் பிறகுதான். பனியன் துணியைச் சுருளாக இழுத்துச் சுற்றித்தான் அனுப்புவார்கள். வந்த உடனே வெட்டக் கூடாது. சுருளைப் பிரித்து ஒருநாள் முழுக்க ஆறப் போட வேண்டும். இழுவை எல்லாம் தளர்ந்து துணி தன் அளவுக்கு வந்த பிறகுதான் கத்தி. கட்டிங் பகுதியில் இது பாலபாடம். அன்று காலை லாரி வந்தது. மாலைக்குள் வெட்டி முடிக்க வேண்டும் என்றார் முதலாளி.

"ஆறப் போடணுங்க. நாளைக்கு வெட்டலாம்" என்றான் அண்ணன்.

முன்பெல்லாம் அவன் அப்படிச் சொன்னால் முதலாளி முணுமுணுத்துக்கொண்டே போய்விடுவார். அன்று அவர் கண் ஒரு நொடி ஜன்னல் பக்கம் போய்வந்தது. நான் பார்த்தேன். அண்ணனும் பார்த்தான்.

"சூப்பர்வைசர் பார்த்துட்டான், துணி நல்லாத்தான் இருக்காம். நீங்க வெட்டுங்க" என்றார். குழந்தைக்குச் சொல்வதுபோல் மெதுவாகச் சொன்னார்.

அண்ணன் இன்னும் ஒருமுறை சொல்லியிருக்க வேண்டும். சொல்லாமல் சாக்பீஸை எடுத்தான். நாங்கள் விரித்தோம், வெட்டினோம். தைத்து முடிந்து அடுக்கி வைத்ததில் துணி சுருங்கிக்கொண்டது. எல்லாச் சட்டையிலும் கை குட்டை. வாங்கியவர்களிடமிருந்து அத்தனையும் திரும்பி வந்தது.

முதலாளி கத்தவில்லை. எல்லார் எதிரிலும் மாஸ்டரின் தோளில் கை வைத்து, "உங்க மேல தப்பில்ல. உங்க நிலைமை அப்படி" என்றார்.

எனக்கு ஆத்திரம் தலைக்கேறியது. "என்ன நிலைமை? துணியை ஆறப் போடணும்னு அவர் சொன்னாரா இல்லையா? நீங்கதானே வெட்டச் சொன்னீங்க?" என்று கேட்டுவிட்டேன். சூப்பர்வைசர் தரையைப் பார்த்தான். முதலாளி என்னைப் பார்க்காமல், "அண்ணன் பாசம்" என்றார். ஏழை சொல் அம்பலம் ஏறாது, அவ்வளவுதான்.

வீட்டுக்குப் போகும் வழியில் அண்ணன் கேட்டான்: "நான் சொன்னேனா?"

"எதை?"

"ஆறப் போடணும்னு."

"சொன்னே அண்ணா. என் காது கேட்கச் சொன்னே. அவருக்கும் கேட்டுச்சு."

கொஞ்ச தூரம் நடந்தான். "சொல்லணும்னு நினைச்சிருப்பேன். சொல்லாம விட்டிருப்பேன். நீ எனக்காகச் சொல்றே."

அந்த இடத்தில்தான் எனக்குப் பயம் வந்தது. அவன் தலைப் படத்தைப் பார்த்தபோதுகூட நான் பயப்படவில்லை.

அதற்கப்புறம் அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய் என்று ஆயிற்று. போட்ட கோட்டை மறுபடி அளப்பான். அளந்ததைத் துடைத்துவிட்டு மறுபடி போடுவான். சாக்பீஸ் தூளில் துணி வெளுத்துப்போகும். முன்பு காலை டீக்கு முன் முடிக்கிற வேலை மதியம் தாண்டியும் நிற்கும். ஜன்னலில் இருந்த படத்தை நான்தான் ஒருநாள் கிழித்தெடுத்து உறையில் போட்டேன். அதனால் ஒரு பிரயோஜனமும் இல்லை, எல்லாரும் மனப்பாடம் செய்திருந்தார்கள். சில மாதங்களில் அவனைக் கத்தியிலிருந்து எடுத்துவிட்டுச் சூப்பர்வைசரின் மைத்துனனை நிறுத்தினார்கள். அண்ணனைப் பிசிறு வெட்டுகிற பெஞ்சில் உட்கார வைத்தார்கள். நான் வேலைக்குச் சேர்ந்த அன்று உட்கார்ந்த அதே பெஞ்ச். முதலாளி அதையும் பெரிய மனது பண்ணிச் செய்ததாகவே எல்லாரும் பேசிக்கொண்டார்கள்.

வீட்டில் அண்ணி அன்பாலேயே அவனை முடக்கினாள். "அடுப்புகிட்ட போகாதீங்க." "சாவியை என்கிட்ட குடுங்க, நீங்க மறந்துடுவீங்க." அவன் அதுவரை சாவியை மறந்ததே இல்லை. அண்ணி அதைக் கையிலிருந்து வாங்கிய பிறகுதான், எங்கே வைத்தோம் என்று தேட ஆரம்பித்தான். தினமும் காலையில் பேத்தியைப் பள்ளிக்கூடத்தில் விடுவது அவன்தான். பெரிய ரோட்டைத் தாண்ட வேண்டும். ஒருநாள் மகன் வண்டியை எடுத்துக்கொண்டு, "நீங்க இருங்கப்பா, நானே விட்டுடறேன்" என்றான். பேத்தி வண்டியில் ஏறிவிட்டுத் திரும்பிப் பார்த்து, "தாத்தா தலைக்குள்ள தண்ணி இருக்கு, ஓடக் கூடாது" என்றாள். யாரோ சொல்லிக் கொடுத்ததை ஒப்பித்தாள், அது குழந்தை. அன்று முழுவதும் அண்ணன் வாசலிலேயே உட்கார்ந்திருந்ததாக அண்ணி சொன்னாள்.

"அண்ணி, டாக்டரம்மா சராசரின்னுதான் சொன்னாங்க. உங்களைப் போல, என்னைப் போல" என்றேன்.

"அது அப்ப. இப்பப் பாரு எப்படி இருக்கார்" என்றாள். அவள் சொன்னதும் பொய்யில்லை. அவள் கண்ணில் தண்ணீர் நின்றது.

வருடம் திரும்பியதும் டாக்டரம்மா வரச்சொன்ன நாள் வந்தது. நான்தான் கூட்டிக்கொண்டு போனேன். தலைக்குள் தண்ணீர் கூடியிருக்க வேண்டும், மூளை இன்னும் ஒடுங்கியிருக்க வேண்டும் என்றே நானும் நம்ப ஆரம்பித்திருந்தேன். அப்படி இருந்தால் ஒரு காரணமாவது கிடைக்குமே. புதிதாகப் படம் எடுத்தார்கள். அதே எண்கள், அதே கட்டைகள் என்று பரீட்சையும் வைத்தார்கள். கட்டைகள் முன்னால் அவன் நெடுநேரம் உட்கார்ந்திருந்தான். ஒன்றை எடுத்து வைப்பான், பரீட்சை வைக்கிற பெண்ணின் முகத்தைப் பார்ப்பான், திருப்பி எடுத்துவிடுவான். மேஜை நீளத் துணியில் ஓர் அங்குலம் வீணாக்காமல் சட்டைகளை அடுக்கியவன்.

டாக்டரம்மா பழைய படத்தையும் புதுப் படத்தையும் பக்கத்தில் பக்கத்தில் மாட்டினாள். அளவுகோலை வைத்து அளந்தாள். ஒன்றன்மேல் ஒன்று வைத்தும் பார்த்தாள். இரண்டும் அச்சாக ஒன்றாகவே இருந்தன. அதே வெள்ளை ஓடு, அதே கறுப்பு, அதே ஓரப் பட்டை.

"ஒண்ணுமே மாறல. ஒரு நூல்கூட மாறல" என்றாள். பரீட்சைக் காகிதத்தை எடுத்தாள், முகம் சுருங்கியது. "ஆனா இது ரொம்ப இறங்கியிருக்கே. நடுவுல என்ன ஆச்சு? கீழே விழுந்தாரா? காய்ச்சல் ஏதாவது வந்துச்சா?"

எங்கே ஆரம்பித்து எதைச் சொல்வது? ஜன்னலையா, குட்டைக் கையையா, சாவியையா?

அண்ணன் இரண்டு படங்களையும் மாறி மாறிப் பார்த்தான். டாக்டரம்மாவுக்கு உதவி செய்கிற மாதிரி, நிதானமாகச் சொன்னான்.

"அப்ப நான் படம் மாதிரி இல்லீங்க டாக்டர். இப்பத்தான் படம் மாதிரி ஆயிருக்கேன்."

டாக்டரம்மா காகிதத்தைக் கீழே வைத்தாள். அப்புறம் என்னென்னவோ சொன்னாள். மனது, சோர்வு, இன்னொரு டாக்டர், மாத்திரை. நான் எல்லாவற்றுக்கும் தலையாட்டினேன். அவனும் ஆட்டினான். புதுப் படத்தை உறையில் போட்டுக் கொடுத்தபோது, "இங்கேயே இருக்கட்டும்" என்று அவளிடமே தள்ளிவிட்டேன்.

வெளியே வந்தோம். ஆஸ்பத்திரி எதிரே ரோட்டைத் தாண்டினால்தான் பஸ். வண்டிகள் நின்று, சிக்னல் எங்களுக்கு விழுந்துவிட்டது. பக்கத்தில் நின்றவர்கள் எல்லாரும் இறங்கிப் போனார்கள். அண்ணன் நடைபாதை விளிம்பில் நின்றுகொண்டே இருந்தான். ரோட்டைப் பார்க்கவில்லை. என் முகத்தைப் பார்த்தான்.

"போகலாமா?" என்று கேட்டான்.

"போகலாம்" என்றேன். அதன் பிறகுதான் காலை எடுத்து வைத்தான்.